பிரைவேட்னா ரகசியம் இல்லை

இன்னைக்கு எபிசோட் மூணே மூணு சொல்லைப் பத்தி: பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட். ஒரு கிளாஸுக்குள்ள இருக்கறதை இன்னொரு கிளாஸ் தொடலாமா கூடாதான்னு முடிவு பண்றது இந்த மூணுதான்.

நம்ம ஊர்ப் பாடப்புத்தகத்துல இருந்தே தொடங்கலாம். தமிழ்நாடு அரசு 2018-ல் பாடத்திட்டத்தை மாத்தினப்போ, 11-ம் வகுப்பு கணினி அறிவியல்ல சி++ வந்தது. அடுத்த வருஷம் 12-ம் வகுப்புக்குப் பைத்தான். சி++-ல பிரைவேட் மெம்பரை வெளியிலிருந்து தொட்டா கம்பைலர் எர்ரர் கொடுக்கும். பைத்தான்ல பேருக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போடுவாங்க. அது உள்ளுக்குள்ள கிளாஸ் பேரையும் சேர்த்துப் பேரை மாத்தி வைக்கும், அவ்வளவுதான். மாத்தின பேர் தெரிஞ்சவங்க தாராளமா எடுத்துக்கலாம். ஒரே கேள்விக்கு ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு பதில்! எது சரின்னு தெரியணும்னா, எதுக்காக மறைக்க ஆரம்பிச்சாங்கன்னு பார்க்கணும்.

கிளாஸ்ங்கிற யோசனை நார்வேயில பிறந்தது. ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் ஆஸ்லோவுல உருவாக்கின சிமுலா 67. அதுல முதல்ல மறைக்கிற வசதியே கிடையாது, எல்லாமே திறந்த வீடு. 1970-களின் தொடக்கத்துலதான் மறைக்கிற வசதி சேர்ந்தது.

அதே காலத்துல, 1972-ல், டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராமை எந்த அடிப்படையில துண்டு துண்டா பிரிக்கணும்ங்கிறதுதான் கேள்வி. அவரோட பதில்: நாளைக்கு மாறக்கூடிய முடிவு எதுவோ, அதை ஒரு துண்டுக்குள்ள மறைச்சு வை.

படப்பையிலிருந்து ஒரகடம் போற ரோட்டுல தினமும் பார்க்கிற விஷயம்தான் இது. பார்ட்ஸ் கொண்டு வர்ற லாரி, ஃபேக்டரியோட இறக்குமிடம் வரைக்கும் போகும், சரக்கை இறக்கி, கையெழுத்து வாங்கிட்டுத் திரும்பும். உள்ள அசெம்பிளி லைன் எப்படி இருக்குன்னு டிரைவருக்குத் தெரியத் தேவையில்லை. அதனாலதான் லைனை அடுத்த வாரமே மாத்தி அமைக்க முடியுது. ஒவ்வொரு லாரியும் நேரா லைனுக்கே வந்து இறக்கினா, ஒரு மெஷினை நகர்த்த எல்லா சப்ளையருக்கும் தகவல் சொல்லணும்.

1979-ல் பெல் லேப்ஸ்ல பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் சி மொழியோட கிளாஸைச் சேர்க்க ஆரம்பிச்சார். அதுதான் பிறகு சி++ ஆச்சு. அதுல பப்ளிக்னு சொல்லாத எதுவும் உள்ளேயே இருக்கும். ஆனா அவர் தெளிவா இருந்தார்: இது தவறிப்போய்த் தொடறதைத் தடுக்கத்தான், வேணும்னே ஏமாத்தறவனைத் தடுக்க இல்லை. அதனாலதான் எல்லை ஆப்ஜெக்டுக்கு இல்லாம கிளாஸுக்கு. ஒரே கிளாஸோட ரெண்டு ஆப்ஜெக்ட், ஒண்ணோட பிரைவேட்டை இன்னொண்ணு பார்க்கலாம். கோடு மாறினா ரெண்டுக்கும் சேர்ந்துதானே மாறப்போகுது.

புரொடெக்டட் பிறகு வந்தது. இன்டர்வியூஸ்ங்கிற லைப்ரரியை எழுதின மார்க் லின்டன் கேட்டதால, வாரிசு கிளாஸுக்கு மட்டும் கதவைத் திறந்தாங்க. சில வருஷத்துல அதே லின்டன், தன் லைப்ரரியில புரொடெக்டட் டேட்டாவைத் தடை பண்ணிட்டார். யார் யாரோ எழுதின வாரிசுகள் உள்ள கை வெச்சு, பிழைகள் பெருகினதுதான் காரணம்.

ஜாவாவுலயும் இதே கதை. ரிஃப்ளெக்ஷன் வழியா பிரைவேட்டை எட்டிப் பிடிக்கலாம். ஜாவாவோட உள்பகுதிகளை அப்படியே பல லைப்ரரிகள் பிடிச்சுத் தொங்கின. 2017-ல் ஜாவா 9 மாடியூல் கொண்டு வந்து கதவைச் சாத்தத் தொடங்குச்சு. 2021-ல் ஜாவா 17 இறுக்கமாவே பூட்டினப்போ, அதுவரை அப்டேட் பண்ணாத லைப்ரரிகள் உடைஞ்சு விழுந்துச்சு. பூட்டு இருந்ததால உடையலை, இத்தனை வருஷம் உள்ள கை வெச்சதால உடைஞ்சது.

இதனால ரெண்டு விஷயம். பாஸ்வேர்டை பிரைவேட் ஃபீல்டுல வெச்சுட்டா பத்திரம்னு நினைக்காதீங்க, அதுக்கு என்கிரிப்ஷன் மாதிரி வேற வழி வேணும். அப்புறம், சி++ கம்பைலர் சொல்லித் தடுக்குது, பைத்தான் நம்மளை நம்பி விடுது. ரெண்டும் காப்பாத்தறது நாளைக்கு மாத்திக்கிற சுதந்திரத்தைத்தான். அடுத்த முறை பப்ளிக்னு டைப் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: இதை மாத்தணும்னா நான் எத்தனை லாரிக்குத் தகவல் சொல்லணும்?