பஸ் வருகிறது, எங்கே போகிறது?

உங்கள் ஊரில் பஸ் வசதி உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவீர்கள். அந்த வசதி எவ்வளவு என்று கேட்டால்? ஓடும் பஸ்களை எண்ணலாம். ஏறியவர்களை டிக்கெட் கணக்கிலிருந்து அறியலாம். ஆனால், வேலை கிடைக்கும் இடத்துக்குப் போய்ச்சேர வழியில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவரின் கணக்கு எந்த டிக்கெட்டிலும் பதிவாவதில்லை. அவரையும் கணக்கில் கொண்டுவர முயன்ற கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

தூரத்தை மைலால் அளக்காமல் நேரத்தால் அளக்கலாம் என்பதைப் படமாகவே வரைந்து காட்டியவர் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர். 1881-இல் அவர் வெளியிட்ட உலகப்படத்தில், லண்டனிலிருந்து பத்து நாளில் சேரக்கூடிய இடங்களுக்கு ஒரு நிறம், இருபது நாள் வரை ஆகும் இடங்களுக்கு வேறொரு நிறம் என்று தீட்டியிருந்தார். படம் அழகானதுதான். ஆனால் போய்ச்சேர்ந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அது சொல்லவில்லை.

அந்தக் குறையை நீக்கியவர் வால்டர் ஹான்சன் என்ற அமெரிக்கர். 1959-இல் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து மிக எளிது. ஓரிடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை வேலைகள் உள்ளன என்று பாருங்கள். தொலைவு கூடக்கூட அந்த எண்ணின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கிடைக்கும் தொகைதான் அந்த இடத்தின் "அணுகுதிறன்". நியூட்டனின் ஈர்ப்பு விதியின் சாயல் இதில் தெரிகிறதல்லவா? எந்த நிலங்களில் வீடுகள் விரைவாக எழும் என்று கணிப்பதற்காகவே ஹான்சன் இதைச் செய்தார். ஏழைகளின் பயணம் அப்போது அவர் முன்னிருந்த கேள்வி அல்ல.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு கலவரம். 1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்கள் தீப்பற்றி எரிந்தன. 34 பேர் மாண்டனர். காரணங்களை ஆராய்ந்த மெக்கோன் குழு, போலீஸ், பள்ளி, வேலையின்மை ஆகியவற்றோடு பஸ்ஸையும் சேர்த்தது. வாட்ஸ் குடும்பங்களில் நூற்றுக்கு 14-க்குத்தான் கார் இருந்தது. அந்த மாவட்டத்தின் மற்றப் பகுதிகளிலோ பாதிக் குடும்பங்களுக்காவது இருந்தது. பஸ் சேவை போதாது, கட்டணமும் அதிகம், இதனால் மக்கள் வேலை தேடவும் கிடைத்த வேலையில் நிலைக்கவும் முடியவில்லை என்று குழு எழுதியது. ஒரு பஸ் தடம் கலவரத்தை நிறுத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், பஸ் இல்லாமை ஒரு வேலையின்மைக் காரணம் என்பது அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது. 1968-இல் ஜான் கெய்ன் என்ற பொருளியலாளர், வேலைகள் புறநகருக்கு நகர, கறுப்பின மக்கள் நகர மையத்திலேயே அடைபட்டிருப்பதைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டினார்.

லண்டனில் வேறொரு முறை பிறந்தது. ஹாமர்ஸ்மித்–ஃபுல்ஹாம் பகுதியின் நிர்வாகம் 1992-இல் உருவாக்கிய இதை நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். நிறுத்தம் உங்கள் வீட்டிலிருந்து 400 மீட்டர் என்போம். நிமிடத்துக்கு 80 மீட்டர் நடந்தால் 5 நிமிடம். மணிக்கு ஆறு பஸ் வந்தால் இடைவெளி 10 நிமிடம். சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, 5 நிமிடம். பஸ் சொன்ன நேரத்துக்கு வராது என்பதற்காக இன்னும் 2 நிமிடம் சேர்ப்பார்கள். (லண்டனிலும் அப்படித்தான் போலிருக்கிறது!) ஆக மொத்தம் 12. முப்பதை இதனால் வகுத்தால் 2.5. அதே நிறுத்தத்தில் மணிக்கு மூன்று முறை வரும் இன்னொரு பஸ் இருந்தால், அதற்கு 17 நிமிடமாகிறது. வகுத்து வரும் 1.76-இல் பாதியை மட்டும் சேர்க்க வேண்டும். கூட்டினால் 3.38. பூஜ்யம் முதல் 6ஆ வரையுள்ள படிகளில் இது 1ஆ, அதாவது கீழ்ப்படிகளில் ஒன்று.

கணக்கில் எது விடுபட்டது என்று கவனித்தீர்களா? பஸ் எங்கே போகிறது என்பதே இதில் இல்லை! ஆறு பஸ்ஸும் சுடுகாட்டுக்கே போனாலும் மதிப்பெண் குறையாது. மேலும், கணக்கிடுவது காலை 8.15 முதல் 9.15 வரையுள்ள நேரத்துக்கு மட்டுமே. விடியுமுன் அலுவலகங்களைப் பெருக்கச் செல்லும் தொழிலாளிக்கு அந்த எண்ணால் என்ன பயன்? இருந்தும், புதிய கட்டடங்களுக்கு எத்தனை கார் நிறுத்த இடம் அனுமதிக்கலாம் என்பதை லண்டனில் இந்தப் படிகளைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். எளிதாகக் கணக்கிடக்கூடிய எண்ணுக்கு எப்போதுமே செல்வாக்கு அதிகம்.

போகுமிடத்தையும் சேர்த்துக் கணக்கிட, எல்லாப் பஸ்களின் கால அட்டவணையும் கணிப்பொறி படிக்கும் வடிவில் வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-இல் அதற்கு ஒரு பொது வடிவத்தைத் தொடங்கிவைத்தன. அதன்பின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஹான்சனின் பழைய கேள்வியையே புதிதாகக் கேட்டனர்: இங்கிருந்து முப்பது நிமிடத்தில் எத்தனை வேலைகளை எட்டலாம்? காலை 7 முதல் 9 வரை ஒவ்வொரு நிமிடமும் வீட்டைவிட்டுக் கிளம்புவதாகக் கொண்டு சராசரி எடுத்தார்கள். 8.00 மணிக்குக் கிளம்பியவருக்கு எட்டிய வேலைகளில் பல, ஒரு நிமிடம் தாமதித்துப் பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு எட்டாமற்போகலாம் அல்லவா?

டிக்கெட் விலையும் நெரிசலும் இந்த எண்ணிலும் சேரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வரும் தாய், நிமிடத்துக்கு 80 மீட்டர் நடப்பதும் இல்லை.