மாரத்தான் நேரச் சரிவு: காலணியும் ஊக்கமருந்தும்

2003 லண்டன் மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் ஓடிய 2:15:25 என்ற பெண்கள் உலகச் சாதனை 16 ஆண்டுகள் அசையாமல் நின்றது. பிறகு பிரிகிட் கொஸ்கேய் (2019, 2:14:04), டிக்ஸ்ட் அசெஃபா (2023, 2:11:53), ரூத் செப்ன்கெடிச் (2024, 2:09:56) ஆகியோர் ஐந்தே ஆண்டுகளில் ஐந்தரை நிமிடத்தைக் கழித்துவிட்டனர். ஆண்களிலும் 2014-இல் 2:02:57 ஆக இருந்த சாதனை, 2023-இல் கெல்வின் கிப்டமின் 2:00:35-க்கு இறங்கியது.

காரணம் காலணி என்போர் காட்டுவது 2017-இல் நைக்கி விற்பனைக்குக் கொண்டுவந்த வேப்பர்ஃபிளையை. தடித்த, ஆனால் எடை குறைந்த நுரை. அதற்குள் வளைந்த கார்பன் தகடு. மிதிக்கையில் அமுங்கும் நுரை, வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைக் காலுக்கே திருப்பித் தருகிறது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், அதே வேகத்தில் ஓட ஆகும் ஆற்றல் சராசரியாக 4% குறைந்தது. ஓட்ட நேரமும் 4% குறையும் என்று இதற்குப் பொருளில்லை. பலன் ஆளுக்கு ஆள் மாறும். 2020-இல் உலகத் தடகள அமைப்பு, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மி.மீ.க்கு மேல் தடிக்கக் கூடாது, தகடு ஒன்றுதான் என வரம்பு கட்டியது.  

ஊக்கமருந்து புதிதல்ல. இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈபிஓ 1990களிலேயே புழங்கியது. அதைக் கண்டறியும் சோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. வீரரின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிடும் உயிரியல் கடவுச்சீட்டு 2009-இல் தொடங்கியது. ஆகவே, 2017-க்குப் பின் முன்வரிசை முழுவதும் சேர்ந்து வேகம் கூடியதைக் காலணியே நன்கு விளக்குகிறது. ஆனால் காலணி எல்லாருக்கும் பொது. அதே தலைமுறைக் காலணியில் ஓடிய மற்றவர்களைவிட ஒருவர் மட்டும் இரண்டு நிமிடம் முந்தினால், அந்த இடைவெளிக்கு நுரை பதில் சொல்லாது. ஐயமும் ஆதாரமாகாது.

செப்ன்கெடிச்சிடம் 2025 மார்ச் 14-இல் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தது. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் இந்தச் சிறுநீர்ப் பெருக்கி, பிற மருந்துகளை மறைக்கவும் உதவுவதால் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அவருக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. மாதிரி எடுத்த நாளுக்கு முந்தைய முடிவுகள் செல்லும் என்பதால், சிகாகோவில் ஓடிய 2:09:56 ரத்தாகவில்லை.