வகுப்பறைப் பல்லூடகக் கருவித் தேர்வு

பாடத்துக்கும் பள்ளியின் சூழலுக்கும் ஏற்ற ஒலி, ஒளி, கணினிக் கருவிகளை ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் முறை. தமிழ்நாட்டில் 2018-19 புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. அவற்றை ஸ்கேன் செய்தால் தீக்ஷா என்ற இணையக் கல்வித் தளத்தின் காணொலி திறக்கும். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கியது. பாடக் காணொலிகளைக் கொண்ட மணற்கேணி செயலி 2023இல் வந்தது. ஆனால் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி போன்ற மலையோர ஊர்களில் முதல் கேள்வி சிக்னலும் மின்சாரமும்தான். முன்கூட்டியே பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்த காணொலி அங்கே நேரலையைவிட நம்பகமானது. பாடத்தைப் பொறுத்தும் கருவி மாறும்: இதயத் துடிப்பை விளக்க அசைவூட்டம் வேண்டும். ஏலச்செடியின் தூரடியில் கிளம்பும் சரத்தில் பூ பூப்பதைக் காட்டத் திரை எதற்கு? தோட்டத்துக்கே கூட்டிப்போகலாம். உச்சரிப்புப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு போதும். விலையுயர்ந்த திறன்பலகையைவிட, ஆசிரியர் முன்னதாக ஓட்டிப் பார்த்துவிட்ட ஐந்து நிமிடக் காணொலியே பயன் தரும்.