ஊர்காவற்றுறையில் தொடங்கிய பாதை: பத்திரிசியார் கல்லூரியின் ஆரம்பகாலம்

 

ஒரு முஸ்லிம் வாத்தியாருக்குக் கத்தோலிக்கக் கல்லூரியின் வரலாற்றில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள். இது நம் எல்லோருடைய பிள்ளைகளோடும் சம்பந்தப்பட்ட கதை.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ற்' என்றும் வேலணைத் தீவுக்கு 'லைடன்' என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். கத்தோலிக்க சமயத்தையும் தடை செய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசவ் வாஸ் அடிகளார் மறைந்து திரிந்துதான் மக்களைச் சந்தித்தார். 1806இல் ஆங்கிலேயர் அந்தத் தடையை நீக்கினார்கள். வழிபடும் உரிமை திரும்பி வந்தது. ஆனால் படிப்பு வரவில்லை.

அதற்குள் யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்து மிஷன்கள் வேரூன்றிவிட்டன. 1823இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. ஆங்கிலம் படித்தவனுக்கே அரசாங்க உத்தியோகம். அந்த ஆங்கிலத்தைப் படிக்கவோ மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். சைவப் பிள்ளைக்கும் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இதே நிலைமைதான்.

இந்த நிலையில்தான் 1850இல் பெத்தாக்கினி ஆண்டகை யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்க ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். ஆண்டகை இத்தாலியர். அதற்கு முதல் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றவர் பற்றிக் ஃபோய். அந்தப் பாடசாலைதான் 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் அதை வளர்த்தெடுத்தார்கள்.

இந்த வரலாற்றில் நாம் முக்கியமாக அறிய வேண்டியவர் பொஞ்ஜீன் ஆண்டகை. பிரான்ஸ் தேசத்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம் பணிசெய்துவிட்டு யாழ்ப்பாணம் வந்தவர். 1868இல் செமேரியா ஆண்டகை காலமானபின் யாழ்ப்பாணத் திருச்சபைக்குத் தலைவரானார். அரசாங்கப் பள்ளிகளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கிறிஸ்தவப் போதனை போதும் என்றிருந்த கொள்கையை அவர் கடுமையாக எதிர்த்தார். ஒரு பிள்ளை தன் பெற்றோரின் சமயச் சூழலிலேயே படிக்க வேண்டும், அந்தப் பள்ளிக்கும் அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அதை எழுதினார், ஆட்சியாளரிடம் வாதாடினார், விட்டுக்கொடுக்கவில்லை.

1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. தொடர்ந்து வந்த நன்கொடை முறை, எந்தச் சமயத்தவர் நடத்தும் பள்ளி என்று பாராமல், பாடங்களில் பிள்ளைகள் காட்டும் தேர்ச்சியைப் பார்த்துப் பணம் கொடுத்தது. வண்ணார்பண்ணையில் 1848இல் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை, பல ஆண்டுகள் அரசாங்க உதவியில்லாமல் நடந்து, இந்த மாற்றத்துக்குப் பிறகே நன்கொடை பெற்றது. பின்னாளில் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிகளும் இந்த முறைக்குள்தான் வளர்ந்தன.

பொஞ்ஜீன் ஆண்டகை போராடியது தன் சமூகத்துப் பிள்ளைகளுக்காக. ஆனால் அவர் கேட்டதோ ஒரு நியாயம். நியாயத்துக்காகத் திறந்த கதவு ஒருவரோடு மூடிக்கொள்வதில்லை. அந்த வழியால் நாவலரின் பிள்ளைகளும் போனார்கள், நம் பிள்ளைகளும் போனார்கள்.

இந்த முறையால் பிள்ளைகள் சமயவாரியாகப் பிரிந்து படிக்க நேர்ந்தது என்ற குறையும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்தச் சுவர் அவ்வளவு உயரமாக இருக்கவில்லை. சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமும், பிறகு கொழும்பு சாஹிராக் கல்லூரி அதிபருமான ஏ. எம். ஏ. அஸீஸ் படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில்!

இனி நம் தீவகத்துக்கு வருவோம். 1913இல் கரம்பனில் பிறந்த சேவியர் என்ற பையன், 1920இல் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் பாடசாலையில் சேர்ந்தான். 1923இல் பத்திரிசியாருக்குப் போனான். அங்கே அப்போது மத்தியூஸ் அடிகளார் அதிபர். அந்தப் பையன்தான் தனிநாயகம் அடிகள். 'தமிழ்க் கல்ச்சர்' இதழை 1952இல் தொடங்கினார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கூட்டினார். 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீச அகராதியை மறுபடியும் உலகுக்குத் தந்தார்.

மத்தியூஸ் அடிகளாருக்குப் பின் 1936 முதல் 1954 வரை அதிபராக இருந்தவர் அயர்லாந்தின் லோங் அடிகளார். கல்லூரியோடு நின்றுவிடாமல், யாழ். பொது நூலகம் எழவும் முன்னின்று உழைத்தார். நூலகத்தில் அவருக்குச் சிலை இருப்பது அதனால்தான். 1981 ஜூன் முதலாம் திகதி அந்த நூலகம் எரிந்தபோது, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிவதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் இறந்துபோனார்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன்? 1990க்குப் பிறகு தீவகம் வெறுமையானது. வடக்கு முஸ்லிம்கள் அந்த ஆண்டு ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டோம். திரும்பியவர்கள் கொஞ்சப்பேர். இன்று தீவகத்தில் பல பள்ளிக்கூடங்கள் பிள்ளைகள் போதாமல் தவிக்கின்றன. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பத்திரிசியாருக்குப் போகும் முன் தனிநாயகம் அடிகளுக்கு ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பட்டணத்துக் கல்லூரியின் முதற்படி நம் ஊர்ப் பள்ளிக்கூடம். படி இடிந்தால் மாடிக்கு ஏற முடியாது.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு, எந்த ஊர் மூத்தவர்களாக இருந்தாலும் சரி, எந்தச் சமயமாக இருந்தாலும் சரி. உங்கள் பள்ளிக்கூடத்தின் பழைய படங்கள், மலர்கள், உங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்களைப் பற்றிய நினைவுகள் இருந்தால் கீழே பதிவிடுங்கள். எரிந்த நூலகத்தைத் திரும்பக் கட்டினோம். எழுதாமல் விட்டதை யாராலும் திரும்பக் கட்ட முடியாது.