தொகுப்பில் சேர்ந்த சுராங்கனி

வெளிநாட்டுப் பாப் பாடகர்களிடம் ஒரு வியாபார வழக்கம் இருந்தது. பழைய வெற்றிப் பாடல்களை ஒரே ஆல்பமாகத் தொகுப்பார்கள். அவை ரசிகர்களிடம் ஏற்கெனவே இருக்குமே! அதனால் புதிதாக ஒன்றிரண்டு சேர்த்து, அதைத் தனி இசைத்தட்டாகவும் விடுவார்கள். 1990-ல் மடோனாவின் தொகுப்பிலிருந்து அப்படி வந்த 'ஜஸ்டிஃபை மை லவ்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

நம் ஊரில் அப்போது தொகுப்பு என்றால் ரெக்கார்டிங் கடைதான். பிடித்த பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, 60 நிமிட கேசட்டில் பதிந்து வாங்குவோம். நான் டி.எம்.எஸ்., சீர்காழி, சுசீலா என்று எழுதுவேன். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதில் 'சுராங்கனி' போடச் சொல்வேன்.

பாடியவர் ஏ.ஈ. மனோகரன். 'பாப் இசைச் சக்கரவர்த்தி' என்று பெயர் வாங்கிய இலங்கைத் தமிழர். பாட்டின் தாளம் பைலா. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியரின் மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அதைச் சிங்களவர் தமதாக்கிக்கொண்டார்கள், பிறகு தமிழரும். ஒருத்திக்கு மீன் கொண்டுவந்த சேதிதான் விஷயம். சிங்களமும் தமிழும் கலந்து வரும்.

டீக்கடைகளில் இலங்கை வானொலிதான் இதை எங்களுக்குக் கொடுத்தது. 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலிலும் வந்தது. எனக்கு மனோகரன் குரல்தான் பிடிக்கும்.

திருத்தணிக்காரர்களுக்குக் கலப்பு மொழி புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. போராடி மீட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைவீதியில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் பதில் வரும்; யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களை அடித்துக் கொன்று, வீடு கடைகளைக் கொளுத்தினார்கள். அதற்குச் சில வாரம் கழித்து ஒரு கல்யாண வீடு. ரேடியோ செட்டில் 'சுராங்கனி' ஓடியது. நான் எழுந்து போய், "சிங்களப் பாட்டை நிறுத்துப்பா" என்றேன்.

செட்டுக்காரப் பையன் நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்: "பாடினவரு தமிழர்தானே சார்?"

எனக்குப் பதில் வரவில்லை. மொழிக்காக அடிபட்டவர்கள் இனத்தில் பிறந்த ஒருவரின் பாட்டை, மொழியைச் சொல்லி நானே நிறுத்தியிருந்தேன். அதன் பிறகு பல வருஷம் என் கேசட்டின் கடைசிப் பாட்டு வருமுன் பொத்தானை அழுத்திவிடுவேன். கோபத்தால் அல்ல, வெட்கத்தால்.

மனோகரன் பிற்காலத்தில் சென்னையில் இருந்தார், சினிமாவிலும் நடித்தார். 2018 ஜனவரி 22-ல் காலமானார். செய்தி பார்த்த அன்று பழைய கேசட்டைத் தேடினேன். நாடா சிக்கிப் போயிருந்தது. செல்போனில் அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டு, முழுவதும் கேட்டேன்.