பட்டியலுக்கு வெளியே மடிந்தவர்கள்: போலந்தின் எல்லைப் போர்களும் (1918–1921) உயிரிழப்புக் கணக்கும்

1795இல் அண்டைப் பேரரசுகளால் முழுவதுமாகப் பங்கிடப்பட்ட போலந்து, 1918 நவம்பரில் மீண்டும் தனிநாடாயிற்று. நாடு பிறந்தபோது அதன் எல்லைகள் முடிவாகியிருக்கவில்லை. உக்ரைனியர், ஜெர்மானியர், செக்கோஸ்லோவாக்கியர், லித்துவேனியர், சோவியத் படையினர் எனப் பலரோடும் பொருதே அவை வரையப்பட்டன. இப்போர்களின் உயிரிழப்புக்குச் சான்றாக, வார்சாவில் ராணுவ வரலாற்றுப் பணியகம் 1934இல் வெளியிட்ட பட்டியல் காட்டப்படுகிறது. அதில் ஏறத்தாழ 47,000 பெயர்கள் உள்ளன. பெரும் உழைப்பின் பயனான அப்பட்டியலை விடுதலைக்குக் கொடுத்த முழு விலையாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலாவது, பட்டியலின் வரம்பு. அது 1918–1920 காலத்துப் போலந்து ராணுவத்தைப் பற்றியது. ஆனால் போலந்தும் ஜெர்மனியும் உரிமை கோரிய மேல் சைலீசியாவில் 1919, 1920, 1921 ஆகிய ஆண்டுகளில் மூண்ட மூன்று எழுச்சிகளிலும் சுரங்கத் தொழிலாளர் உள்ளிட்ட உள்ளூர் மக்களே கிளர்ச்சிப் படையாகத் திரண்டனர். மூன்றில் பெரியதான 1921 மே எழுச்சி ஆண்டுக் கணக்கிலேயே விடுபட்டுவிடுகிறது. அப்பகுதியின் எல்லையைத் தீர்மானித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. முதல் உலகப் போரில் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய–ஹங்கேரியச் சீருடைகளில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்று மடிந்த லட்சக்கணக்கான போலந்தியரும் இதில் இல்லை.

இரண்டாவது, இறப்பின் காரணம். மக்கள் நினைவில் நிற்பவை, சோவியத் படைக்கு எதிரான 1920 ஆகஸ்டின் வார்சாப் போரும் ஸத்வூஷேச் சண்டையும். பட்டியலோ களத்தில் வீழ்ந்தோருடன் நோயால் இறந்தோரையும் சேர்த்தே சொல்கிறது. மருந்தும் மாற்றுடையும் போதாத புதிய அரசின் படையை டைஃபஸும் வயிற்றுக்கடுப்பும் அரித்தன. அதே தொற்றுகள் போலந்தின் முகாம்களில் இருந்த சோவியத் கைதிகளையும் கொன்றன. 2004இல் போலந்து, ரஷ்ய அறிஞர்கள் கூட்டாக வெளியிட்ட ஆவணத் தொகுப்பில், அவ்வாறு இறந்தோர் 16,000–17,000 எனப் போலந்துத் தரப்பும் 18,000–20,000 என ரஷ்யத் தரப்பும் மதிப்பிட்டன. எல்லைப் போரின் விலையை ஒரு தரப்பின் இழப்பு மட்டும் காட்டிவிடாது.

மூன்றாவது, பெயரற்றோர். 1925இல் லிவீவ் நகரக் கல்லறையிலிருந்து அடையாளம் தெரியாதோரின் மூன்று சவப்பெட்டிகள் எடுக்கப்பட்டன. ஸத்வூஷேயில் மகனைப் பறிகொடுத்து, அவன் உடலும் கிடைக்கப்பெறாத ஆர்மீனிய வம்சாவளித் தாய் யாத்விகா ஸருகியேவிச்சோவா அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். அதுவே வார்சாவில் அறியப்படாத வீரர் நினைவிடத்தில் அடக்கமாயிற்று. பெயர் தெரியாமல் போனோர் பலர் என்பதைப் பட்டியல் வெளிவருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அரசு ஏற்றுக்கொண்டது என்பதற்கு இது சான்று.

வரம்பில்லாத கணக்கைச் சரிபார்க்க இயலாது என்ற மறுப்பு நியாயமானதே. அதற்குத் தீர்வு, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது அன்று. படைவீரர், கிளர்ச்சியாளர், நோயால் இறந்தோர், கைதிகள், எதிர்த்தரப்பினர் என வகை பிரித்து, ஒவ்வொன்றின் ஆதாரத்தையும் எண்ணோடு சேர்த்தே தரவேண்டும். ஒரு நாட்டின் எல்லைக்காக இறந்தவரை, அந்நாட்டு ராணுவப் பதிவேட்டின் எல்லைக்குள் வந்தவர் என்பதற்காக மட்டும் எண்ணுவது வரலாற்று முறையாகாது.