குறுக்கு நூலா, நேர் நூலா? ஒரு டிராக்டர் டயரின் கதை

காளப்பநாயக்கன்பட்டியில் மாமாவோட டிராக்டருக்குப் பின் டயர் ரெண்டும் மொட்டையாகிவிட்டன. கொல்லிமலை அடிவாரத்துச் செம்மண்ணில் மழைக்குப் பிறகு உழவு ஓட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. "நீ இன்ஜினியர்தானே கண்ணு, ரேடியல் போடலாமா, பழையபடி நைலானே போதுமான்னு பார்த்துச் சொல்லு" என்றார். நான் படித்தது கம்ப்யூட்டர். இருந்தாலும் விடுவேனா, தோண்ட ஆரம்பித்தேன்.

டிராக்டருக்கு முதலில் ரப்பரே கிடையாது. பல் வைத்த இரும்புச் சக்கரம்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள், இரும்புப் பல் வேரை அறுக்கிறதே என்று பழைய லாரி டயர்களை அதன்மேல் மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி ஃபயர்ஸ்டோனுடன் சேர்ந்து காற்றடைத்த டயரோடு டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பந்தயக்கார் ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்டை உட்காரவைத்து, மணிக்கு 64 மைலுக்கு மேல் டிராக்டரை விரட்டிக் காட்டினார்கள். (உழவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். விளம்பரம்!)

அந்தக் கால டயர் எல்லாமே பயாஸ். உள்ளே நூல் அடுக்குகள் கயிற்றுக் கட்டில் பின்னல் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பக்கச்சுவரும் மேல்பகுதியும் ஒரே உடம்பு என்பதால், பக்கம் அமுங்கினால் பட்டனும் சேர்ந்து நெளியும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். அதன்மேல் தனியாக ஒரு பெல்ட். பக்கம் எவ்வளவு அமுங்கினாலும் பட்டன் மண்ணில் பரவிப் படியும். வழுக்கல் குறையும், டீசலும் மிச்சம்.

இது மிஷ்லின் கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1913-லேயே கிரே, ஸ்லோப்பர் என்ற இருவர் இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். சந்தைக்கு வரவில்லை. மிஷ்லின் 1946-இல் காப்புரிமை பதிந்து, 1949-இல் 'எக்ஸ்' என்ற பெயரில் காருக்குக் கொண்டுவந்தது. டிராக்டருக்கு வந்தது அதற்கப்புறம். இன்று மும்பையின் பி.கே.டி. கம்பெனி பண்ணை ரேடியல்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. நம்ம ஊர் டிராக்டரில் பெரும்பாலும் இன்னும் பயாஸ்தான். இந்த முரண்தான் என்னை உறுத்தியது.

விவசாயிக்கு விவரம் தெரியவில்லை என்ற முடிவோடு மாமாவுக்கு போன் போட்டு, ரேடியலே வாங்குங்க என்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கல்லு குத்திப் பக்கம் கிழிஞ்சா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாமாவின் டிராக்டர் உழுவதைவிட, டிரெய்லரில் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்கு ஓடுவதுதான் அதிகம். வழியெல்லாம் சரளைக் கல். ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது. ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பயாஸ் என்று மாட்டவும் கூடாது. அவருக்குத் தெரிந்த கடையில் ரேடியல் இருப்பு வைப்பதில்லை. ஒன்று கிழிந்தால், அதே டயர் வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். பிடுங்கிய கிழங்கோ இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பித்துவிடும்.

"நீ சொல்றது தப்பில்லை கண்ணு. கடைக்காரன் வாங்கி வைக்கட்டும், அப்புறம் நான் வாங்கறேன்" என்றார்.

பயாஸே வாங்கினார். வழுக்கலுக்கு, டியூபில் முக்கால்வாசி தண்ணீர் ஏற்றிக்கொண்டார். போட்டோ அனுப்பியிருந்தார்: டயரின் பக்கத்தில் 13.6-28 என்று இருக்கிறது. ரேடியல் என்றால் அந்தச் சின்னக் கோடு இருக்கும் இடத்தில் ஒரு 'ஆர்' இருந்திருக்கும்.